விதி 4(ஆ): புளியமரத்தின் கீழ்

அரச அலுவலகமொன்றில் வாழ்நாளின் பாதியைக் கோப்புக் கட்டியே கழித்தவனுக்கு ஒரு திமிர் வரும். தான் எழுதும் வசனத்துக்கு ஒரே ஒரு கருத்துத்தான் உண்டு என்று நம்பத் தொடங்குவான். எனக்கும் வந்தது. தாபன விதிக்கோவையைத் தலைமாட்டில் வைத்துப் படுத்தவன் நான். நிதிப் பிரமாணங்களின் இலக்கங்கள் ஞாபகம் இருக்கிற அளவுக்குப் பிள்ளைகளின் பிறந்த திகதி ஞாபகம் இல்லை என்று வீட்டில் என்மீது நிரந்தர முறைப்பாடு ஒன்று உண்டு. புதிய சுற்றுநிருபம் வந்தால், தேத்தண்ணி ஆறுவதற்குள் அதன் ஓட்டையைக் கண்டுபிடித்துவிடுவேன். ஓட்டை கண்டுபிடிக்கத் தெரிந்தவனுக்கு ஓட்டையில்லாமல் எழுதவும் வரும் என்று நான் நம்பியதற்கு ஒரே காரணம், அதுவரை சொந்தமாக ஒரு விதியும் எழுதியதில்லை என்பதுதான்.

எழுத வைத்தது மாரி மழை. டிசம்பர் விடுமுறையில் குறிஞ்சாக்கேணியில் பிள்ளைகள் உள்ள எந்த வீட்டுக்காரரையும் கேட்டுப் பாருங்கள். முற்றம் முழுக்கத் தண்ணீர். மென்பந்துக் கிரிக்கெட் இல்லை. கரண்ட் வரும், போகும். கெரம் போட் ஈரம் குடித்து ஊதி, காய்கள் நடுவழியில் நின்றுவிடும். இந்த நேரம் பார்த்துக் கத்தாரிலிருந்து லீவில் வந்த மச்சான், சொக்கலேட்டுக்கும் சவர்க்காரத்துக்கும் நடுவிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து நீட்டினார். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்று போட்டிருந்தது. உள்ளே ஆங்கிலத்தில் விதிப் புத்தகமும் ஒரு பிடி தாயக்கட்டைகளும். நாலு முகம், எட்டு முகம், பன்னிரண்டு முகம், இருபது முகம்.

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். இந்த விளையாட்டுக்குப் பலகை கட்டாயமில்லை. வென்றவர், தோற்றவர் என்ற கணக்கும் இல்லை. ஒருவர் கதையை நடத்துவார். “நீங்கள் ஒரு குகை வாசலில் நிற்கிறீர்கள், உள்ளே ஏதோ உறுமுகிறது” என்பார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, தாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள். செய்ய நினைத்தது கைகூடியதா இல்லையா என்பதைத் தாயக்கட்டை சொல்லும். இவ்வளவுதான். இந்த இவ்வளவுக்கு முந்நூறு பக்கத்துக்கு மேல் புத்தகம் போட்டிருக்கிறார்கள் என்று மச்சான் சொன்னபோது நான் சிரித்தேன். நான் எழுதினால் சி.ஆர். கொப்பியில் பத்துப் பக்கம் தாண்டாது என்றேன். தையல் மெஷினில் இருந்த மனைவி தலையை நிமிர்த்திப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பார்வையை அன்றே நான் வாசித்திருக்க வேண்டும்.

குகையும் டிராகனும் நமக்கெதற்கு? பக்கத்திலேயே கொட்டியாரக் குடா கிடக்கிறது. புயலில் பாய்மரம் இழந்த ‘ஆன்’ என்ற ஆங்கிலக் கப்பல் பழுது பார்க்க வந்து நின்ற இடம் அது. 1660இல் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள், கப்பல் கப்டனையும் அவர் மகன் ரொபேர்ட் நொக்ஸையும் சேர்த்துப் பதினாறு பேரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். மூதூரில் ஒரு புளியமரத்தடியில் வைத்துத்தான் பிடித்தார்கள் என்று இன்றும் இடம் காட்டுவார்கள். மகன் நொக்ஸ் பத்தொன்பது வருடம் உள்நாட்டில் கிடந்து, 1679இல் மன்னார்ப் பக்கம் அரிப்புக் கோட்டைக்குத் தப்பிப்போய், 1681இல் இலங்கையைப் பற்றிப் புத்தகமும் போட்டுவிட்டார். இதைவிட நல்ல கதை எந்தக் குகையில் கிடைக்கும்? பிள்ளைகள் கப்பல்காரர், நான் இராஜசிங்கன். கரையிறங்க வேண்டும், மரம் தேட வேண்டும், பிடிபடாமல் திரும்ப வேண்டும். ஆறு கடக்கிற விதி மட்டும் வைக்கவில்லை. 2021 நவம்பரில் எங்கள் மிதப்புப் பாதை கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகள் போன பிறகு, இந்த ஊரில் அதை யாரும் விளையாட்டுக்கு எடுப்பதில்லை.

முதல் ஆட்சேபணை மாமியிடமிருந்து வந்தது, அதுவும் விதி எழுதத் தொடங்க முன்பே. “தாயம் உருட்டுறதா? இந்த வீட்டில பறக்கத் இருக்குமா?” என்றார். காசு வைத்து ஆடுவதில்லை மாமி, இது கதை என்று விளக்கினேன். கட்டை கட்டைதான் என்றார். இருபது முகக் கட்டையைக் கையில் வாங்கி, ஒவ்வொரு முகமாகத் திருப்பிப் பார்த்து, ஆறு முகத்துக்கே கூடாதென்றால் இருபதுக்கு எவ்வளவு என்று கணக்குப் பார்ப்பவர் போல எனக்கு முன்னால் வைத்தார். கட்டைகள் பெட்டிக்குள் போயின. கடைசியில் வழி சொன்னவரும் அவரே. பக்கத்து வீட்டுப் பெண்களோடு அவர் பிடிக்கிற சீட்டுக்குக் குலுக்குகிற மாதிரி, இலக்கம் எழுதிய துண்டுகளைப் பால்மாப் பேணியில் போட்டு எடுக்கலாமாம். நான் கொஞ்சம் வெட்கப்பட்டேன். பிறகு மச்சான் ஒரு செய்தி சொல்லித் தேற்றினார். 1979 அளவில் அமெரிக்காவிலேயே கட்டைக்குத் தட்டுப்பாடு வந்து, இந்த விளையாட்டின் பெட்டிக்குள் இலக்கம் அச்சடித்த மட்டைத் துண்டுகளைத்தான் போட்டு விற்றார்களாம். மாமிக்கு இதைச் சொன்னேன். “அவங்களுக்கும் வீட்டில ஒரு மாமி இருந்திருக்கும்” என்றார்.

இனி விதிகளுக்கு வருவோம்.

விதி 4, பிடிபடுதல். பகுதி (அ) கடற்கரை பற்றியது, அது தப்பியது. பகுதி (ஆ) இப்படி இருந்தது: புளியமரத்தின் கீழ் நிற்பவர் பிடிபடுவார். நான் எழுதியதிலேயே இதுதான் சுருக்கமான விதி. வாசித்துக் காட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் பாராட்டுக்காகக் காத்திருந்தேன்.

“வாப்பா, நான் நிக்கல்ல” என்றான் மூத்தவன். உயர்தரம் படிக்கிறான், சட்டத்தரணியாக வேண்டுமென்பது அவன் ஆசை. அவன் ஆசையில் எனக்கிருந்த சந்தேகம் அன்றோடு தீர்ந்தது. “நான் மரத்துக்குக் கீழ குந்திக்கிட்டு இருக்கன்.”

நிற்பவர், குந்துபவர், படுப்பவர் என்று திருத்தினேன்.

“அப்ப நான் மரத்துக்கு மேல” என்றாள் மகள். “கொப்பில இருக்கன். கீழ இல்ல.”

மேலே, கீழே, அருகே என்று சேர்த்தேன். அருகே என்றால் எத்தனை முழம் என்றார்கள். மரத்தின் நிழல் விழுகிற அளவு என்று எழுதினேன். எழுதும்போதே என் கையெழுத்து மிக அழகாக விழுந்தது. பின்னேரம் நாலு மணிக்கு நிழல் நீளும், பகல் பன்னிரண்டு மணிக்குச் சுருங்கும், இராத்திரியில் நிழலே இல்லை, ஆகவே இராத்திரியில் யாரும் பிடிபட மாட்டார்கள் என்று இருவரும் சேர்ந்து தீர்ப்பு வழங்கினார்கள். கப்பல்காரர் எல்லோரும் மஃரிபுக்குப் பிறகு புளியமரத்தடியில் கூடாரம் அடித்தார்கள்.

அதோடு விட்டிருக்கலாம். தரம் நாலு படிக்கிற சின்னவன் அதுவரை பேசாமல் இருந்தவன், பேணியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டான்: “ராசாட ஆக்களும் மரத்துக்குக் கீழதானே நிக்கிறாங்க? அவங்களையும் பிடிங்க வாப்பா.”

விதியை வாசித்துப் பார்த்தேன். நிற்பவர் பிடிபடுவார் என்றுதான் இருந்தது. எந்த நிற்பவர் என்று இல்லை. அன்று கண்டி இராச்சியத்தின் படை தன்னைத்தானே கைது செய்துகொண்டது.

விதி 5 இன்னும் மோசம். பிடித்தவர், பிடிபட்டவரின் பொருட்களை அவருடைய தோணியில் ஏற்ற வேண்டும் என்று எழுதியிருந்தேன். யாருடைய தோணி? நான் மனதில் நினைத்தது பிடித்தவருடைய தோணி. மூத்தவன் வாசித்தது பிடிபட்டவருடைய தோணி. ஆகவே அரசனின் ஆட்கள் கப்பல்காரரின் சாமான்களைக் கப்பல்காரரின் தோணியிலேயே கவனமாக ஏற்றி, கயிறு கட்டி, வழியனுப்பிவைத்தார்கள். இப்படி ‘அவருடைய’ என்று எழுதி, யாருடைய என்று தெரியாமல் இழுபட்ட கோப்புகள் அலுவலகத்தில் என் மேசையைத் தாண்டி எத்தனையோ போயிருக்கின்றன. எழுதியவர்களைப் பார்த்து அப்போதெல்லாம் சிரித்திருக்கிறேன்.

அடுத்தது நேரம். ஒருவர் தன் முறை வந்து இரண்டு நிமிடத்துக்குள் என்ன செய்வதென்று சொல்ல வேண்டும் என்றேன். மகள் “நான்…” என்று தொடங்கிவிட்டு, முகட்டைப் பார்த்து யோசிக்கத் தொடங்கினாள். சொல்லத் தொடங்கினால் போதுமா, சொல்லி முடிக்க வேண்டுமா என்று விதியில் இல்லையாம். அவள் ஆதாரத்துக்கு இழுத்தது அஞ்சலோ மெத்தியூஸை. 2023 நவம்பர் 6, டில்லி, உலகக் கிண்ணம், பங்களாதேஷுடன் ஆட்டம். இந்த நாட்டில் அதை மறந்தவர் யார்? எம்.சி.சி.யின் பொதுச் சட்டம் மூன்று நிமிடம் தருகிறது, அந்தப் போட்டியின் விதி இரண்டாகக் குறைத்திருந்தது. அந்த நேரத்துக்குள் மைதானத்துக்கு வந்தால் போதாது, அடுத்த பந்தை எதிர்கொள்ள ஆயத்தமாகவும் இருக்க வேண்டும். மெத்தியூஸ் வந்தார், தலைக்கவசத்தின் வார் அறுந்தது, வேறு கவசத்துக்குக் கைகாட்டினார், ஷகிப் அல் ஹசன் முறையிட்டார், நடுவர் கையை உயர்த்தினார். ஒரு பந்தும் முகங்கொடுக்காமல் நேரம் கடந்து ஆட்டமிழந்த முதல் சர்வதேச ஆட்டக்காரர் என்று எங்கள் ஆளின் பெயர் பதிவாகிவிட்டது. இரண்டு நிமிடம் என்று எழுதிய மனிதர் மிகக் கவனமாகத்தான் எழுதியிருப்பார். வார் அறுகிற நேரம் யார் கணக்கு என்று மட்டும் அவருக்குத் தோன்றியிருக்காது. எனக்கு அவர்மேல் அன்றிரவு ஒரு சகோதர பாசம் வந்தது. அதற்காக ஷகிப்பை மன்னித்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

பேணித் துண்டுகளிலும் ஒரு வழக்கு எழுந்தது. ஆறும் ஒன்பதும். தலைகீழாக எடுத்தால் ஒன்று மற்றதாகிவிடும். கடைக் கட்டைகளில் அந்த இரண்டு இலக்கங்களுக்கும் கீழே ஒரு கோடோ புள்ளியோ ஏன் போடுகிறார்கள் என்று அன்றுதான் விளங்கியது. எங்கள் வீட்டில் அன்று மாலை முழுவதும் ஆறு என்ற இலக்கம் ஒரு தடவையும் விழவில்லை.

மனம் நொந்து மச்சானிடம் போனேன். அவர் சொன்ன கதைதான் என்னைத் தூக்கி நிறுத்தியது. இந்த விளையாட்டை உருவாக்கிய இருவரில் ஒருவரான கேரி கைகாக்ஸ், சிக்காகோவில் ஒரு காப்புறுதிக் கம்பனியில் வேலை பார்த்தவர். காப்புறுதிப் பத்திரத்தின் பொடி எழுத்து வாசகங்களோடு குடும்பம் நடத்தியவர் என்று பொருள். அந்த வேலை போன பிறகு வீட்டில் சப்பாத்துத் தைத்தார். டேவ் ஆர்னிசனோடு சேர்ந்து 1974இல் மூன்று சின்னப் புத்தகங்களாக விதிகளை வெளியிட்டார். முதல் அச்சு ஆயிரம் பிரதிதான். அதை வாசித்து விளையாட முற்பட்டவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. காரணம், அவருடைய இன்னொரு பழைய போர் விளையாட்டுப் புத்தகம் வாசிப்பவர் கையில் ஏற்கெனவே இருக்கிறது என்ற நினைப்பில் பல இடங்கள் எழுதப்பட்டிருந்தன. வேறொரு கம்பனியின் பலகை ஒன்றையும் வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தது. விளங்காத இடங்களை ஒவ்வொரு ஊரும் தன் இஷ்டத்துக்கு நிரப்பிக்கொண்டது. மூன்று வருடம் கழித்து, 1977இல், எரிக் ஹோம்ஸ் என்ற மருத்துவப் பேராசிரியர் ஒருவர், புதியவர்களுக்கு விளங்குகிற மாதிரித் திருப்பி எழுத வேண்டியிருந்தது. அடுத்த வருடம் வந்த பெரிய புத்தகத்தில் கைகாக்ஸ், ‘லெவல்’ என்ற ஒரே சொல்லை நாலு வேறு விடயங்களுக்குப் பாவிக்கிறோம், மாற்ற யோசித்தோம், ஆனாலும் பழகிவிட்டதால் விட்டுவிட்டோம் என்ற பொருளில் அவரே எழுதிவைத்தார். அரச அலுவலகத்துக்கு மிகப் பொருத்தமான மனிதர். அநியாயமாக அமெரிக்காவில் பிறந்துவிட்டார்.

தெம்பு வந்து, எல்லா ஓட்டையையும் ஒரேயடியாக அடைக்கிற ஒரு விதி எழுதினேன். இதில் சொல்லப்படாத எதையும் செய்யக் கூடாது. கால்நூற்றாண்டு அனுபவத்தின் சாரம் அது. எந்தக் கந்தோரும் இதில்தான் ஓடுகிறது. வாசித்து முடிக்கையில் சின்னவன் இரு கன்னத்தையும் உப்பவைத்துக்கொண்டு சிவந்துபோய் இருந்தான். என்னடா என்றேன். பதில் சொல்லவில்லை, கொப்பியைக் காட்டினான். மூச்சு விடலாம் என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. சற்று நேரத்தில் அவனுடைய மாலுமி ‘மௌத்’தாகிவிட்டதாக அறிவித்தான்.

சரி, மறுபக்கம் போவோம். தடுக்கப்படாத எல்லாம் செய்யலாம் என்று மாற்றினேன். மூத்தவன் உடனே எழும்பி இரண்டு கையையும் விரித்து, கொட்டியாரக் குடாவிலிருந்து நேராக அரிப்புக் கோட்டைக்குப் பறந்துபோய் இறங்கினான். நொக்ஸுக்குப் பத்தொன்பது வருடம் பிடித்த பயணம். பறக்கக் கூடாது என்று எழுதினேன். மிதந்தான். மிதக்கக் கூடாது என்றேன். நிலத்துக்கு அடியால் போனான். அன்று நான் எழுதிய தடைகளின் பட்டியல் மட்டும் கொப்பியின் மூன்று பக்கத்தைத் தின்றது. இந்த வேகத்தில் போனால் முந்நூறு பக்கம் எப்படி வருகிறது என்று எனக்கு விளங்கத் தொடங்கியிருந்தது. மச்சானிடம் மட்டும் அதைச் சொல்லவில்லை.

இஷாவுக்குப் பள்ளிக்குப் போய்த் திரும்பி வந்தால், வீடு அமைதியாக இருக்கிறது. இந்த வீடு அமைதியாக இருந்தால் ஒன்று கரண்ட் போயிருக்க வேண்டும், அல்லது யாருக்காவது அடி விழுந்திருக்க வேண்டும். எட்டிப் பார்த்தேன். என் கொப்பி மூடிக் கிடக்கிறது. மனைவி மெஷினில் சட்டைக் கை வைத்துக்கொண்டே விளையாட்டை நடத்துகிறார். பிள்ளைகள் மூவரும் சுற்றிக் குந்தியிருக்கிறார்கள்.

“நான் பறக்கிறன் உம்மா” என்கிறான் மூத்தவன்.

“பறவன். மழையில நனைஞ்ச செட்டையோட எவ்வளவு தூரத்துக்கு? கொஞ்ச தூரம் போய் வயலுக்குள்ள விழுந்துட்டாய். காலெல்லாம் சேறு. இனி என்ன செய்யப் போறாய்?”

அவன் யோசிக்கிறான். வழக்குப் பேசவில்லை. வயலில் எருமை நிற்குமா என்று கேட்கிறான். நிற்கும் என்கிறார் இவர், பால் கறக்கிற எருமை, பக்கத்தில் அதன் சொந்தக்காரனும் நிற்கிறான், அவனோடு நல்லமாதிரிக் கதைத்தால் தயிரும் கிடைக்கும், வழியும் கிடைக்கும். மூத்தவன் நல்லமாதிரிக் கதைக்கிறான். என்னோடு அவன் அப்படிக் கதைத்து வருடங்களாகின்றன.

“எந்த விதிப்படி இதெல்லாம்?” என்று நான் வாசலில் நின்றே கேட்டேன். மகளும் அதே நேரம் ஏதோ கேட்க வாயெடுத்தாள். மனைவி கண்ணாடிக்கு மேலால் அவளைப் பார்த்து, “விளையாடப் போறியா, படிக்கப் போறியா?” என்றார். அவள் வாயை மூடிக்கொண்டாள். நானும்.

பிறகு யோசித்துப் பார்த்தால் இது புதிய சங்கதியும் இல்லை. பிரஷ்யப் படையில் அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுக்க, ரைஸ்விட்ஸ் என்ற இளம் அதிகாரி 1824இல் ஒரு போர் விளையாட்டு செய்தார். வரைபடம், தாயக்கட்டை, அட்டவணைக்கு மேல் அட்டவணை. எந்தத் துப்பாக்கி எத்தனை அடியில் எத்தனை பேரை வீழ்த்தும் என்று எல்லாம் எழுத்தில். ஐம்பது வருடம் அந்த அட்டவணைகளோடு மல்லுக்கட்டிய பின், 1876இல் வெர்டி டு வெர்ன்வா என்ற தளபதி அவற்றைத் தூக்கி ஓரத்தில் வைத்துவிட்டு, யுத்தம் தெரிந்த ஒருவர் நடுவராக இருந்து நடப்பதைச் சொல்லட்டும், அது போதும் என்றார். ஜேர்மன்காரரே அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். நான் கொப்பி வாங்க முன் இதை யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம்.

மாமியின் சீட்டைப் பாருங்கள். எத்தனையோ வருடமாக ஓடுகிறது, எழுத்தில் ஒரு வரி இல்லை. யார் முதலில் எடுப்பது, கல்யாண வீடு வந்தால் யார் யாருக்கு விட்டுக்கொடுப்பது, தவணை தவறினால் என்ன செய்வது, எல்லாம் அவர் தலைக்குள். ஒருநாளும் வழக்கு வந்ததில்லை. அதற்கு விதி எழுதித் தரட்டுமா என்று ஒருமுறை கேட்டேன். சீட்டைக் கலைத்துவிட உத்தேசமா என்று கேட்டார்.

ஆனாலும் எழுத்தை விட முடியவில்லை. கை பழகிவிட்டது. கொப்பியைத் திருத்தி, தடைப் பட்டியலைக் கிழித்து, மெல்லியதாக ஒரு பதிப்பு ஆக்கினேன். புளியமரம் இருக்கிறது, யார் பிடிபடுவார் என்று இல்லை. கடைசி விதிக்கு எங்கள் பாராளுமன்றம் உதவியது. இந்த நாட்டுச் சட்டங்களின் அடியில் ஒரு வாசகம் வரும், தமிழில் வாசிப்பவர் எல்லோருக்கும் தெரியும்: சிங்கள உரைக்கும் தமிழ் உரைக்கும் பொருத்தமில்லாவிட்டால் எது மேலோங்கும் என்று. வாழ்நாள் முழுக்க அதைப் பார்த்து முகம் சுளித்தவன், அதன் அருமையை வீட்டில்தான் கண்டேன். எங்கள் கொப்பியின் கடைசி விதி வருமாறு: இவ்விளையாட்டின் வாப்பாவின் உரைக்கும் உம்மாவின் உரைக்கும் இடையே ஒவ்வாமை ஏதும் காணப்படுமிடத்து, உம்மாவின் உரையே மேலோங்குதல் வேண்டும்.

மூத்தவன் இரண்டு தடவை வாசித்தான். ஓட்டை எதுவும் கிடைக்கவில்லை என்று கொப்பியைத் திருப்பித் தந்தான்.

போட்டோப் பிரதி வேண்டியவர்கள் வந்து வாங்கிக்கொள்ளலாம், காசு வேண்டாம். விளக்கம் வேண்டியவர்கள் மட்டும் இஷாவுக்குப் பிறகு வாருங்கள். அதற்கு முன்னர் அவருக்குத் தையல் வேலை இருக்கும்.